பென்சிலில் எழுதியிருந்த பெயர்

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் புத்தகத்தை முடித்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கேமராவை வைத்துவிட்டேன். ‘சிட்டி ஆஃப் செயின்ட்ஸ் அண்ட் தீவ்ஸ்’, நட்டாலி சி. ஆண்டர்சன் எழுதி 2017-இல் வந்த நாவல். பழைய புத்தக வேட்டை வீடியோவில் காட்டினேனே, அதுதான். 250 சொன்னார்கள், பேசிப் பேசி 180-க்கு வாங்கினேன்.

அந்த 180 ரூபாயைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். பத்துப் பதினைந்து பக்கம் தாண்டியிருப்பேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர், அதற்கு ஒரு அம்புக்குறி, கீழே ‘கொலை செய்தது இவர்தான்’. அழுத்தி எழுதியதில் மறுபக்கத்திலும் தடம் விழுந்திருந்தது. கொலைக் கதையில் யாராவது இப்படிச் செய்வார்களா? நான் பின்னட்டையைக்கூடப் படிக்காமல் ஆரம்பிப்பவள், உங்களுக்கே தெரியும். புத்தகத்தை மூடி இரண்டு நாள் அலமாரியில் வைத்துவிட்டேன்.

அப்புறம் டினா விடவில்லை.

டினாவும் அவள் அம்மாவும் காங்கோவிலிருந்து கென்யாவுக்குத் தப்பி வந்த அகதிகள். சங்குய் என்ற கற்பனை நகரத்தில், கிரேஹில் என்கிற பெரும் பணக்காரர் வீட்டில் அம்மாவுக்கு வேலை கிடைக்கிறது. ஒருநாள் அவருடைய அறையிலேயே அம்மா சுடப்பட்டுக் கிடக்கிறாள். செய்தது அவர்தான் என்பதில் டினாவுக்குச் சந்தேகமே இல்லை. நாலு வருஷம் தெருவில் திருடியாகப் பிழைத்து, பழி வாங்க அதே வீட்டுக்குள் நுழைகிறாள்.

அவள் இருக்கும் கும்பலின் பெயர் ‘கூண்டாஸ்’. நம் ஊரில் ‘குண்டாஸ்ல போட்டுட்டாங்க’ என்கிறோமே, அதே சொல். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 1896-இல் கென்யாவின் மொம்பாசாவில் தொடங்கிய ரயில் பாதை வேலைக்கு இந்தியாவிலிருந்து 30,000 பேருக்கு மேல் போனார்கள். அவர்களோடு நம் சொற்களும் போயிருக்கின்றன: கென்யாவில் இன்றைக்கும் சப்பாத்தி சப்பாத்திதான்.

சரி, கதைக்கு வருகிறேன். உள்ளே போனவள் கிரேஹில்லின் மகன் மைக்கேலிடம் மாட்டிக்கொள்கிறாள். சின்ன வயதில் இருவரும் ஒன்றாக விளையாடியவர்கள். அப்பா நிரபராதி என்று அவன் நம்புகிறான், இவள் நம்பவில்லை. காதல் வந்து கதையைக் கெடுத்துவிடுமோ என்று பயந்தேன். எனக்கு அது அறவே பிடிக்காது. இங்கே அது அளவோடு நிற்கிறது.

ஐயோ, பாய்பாயை விட்டுவிட்டேனே! டினாவின் நண்பன், கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து வேலை காட்டுகிறவன், அவனும் காங்கோக்காரன். அவன் வாய் திறந்தாலே எனக்குச் சந்தோஷம். டினாவின் தங்கை கிக்கியும் இருக்கிறாள், கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்காகத்தான் டினா இன்னும் இந்த நகரத்தில் இருக்கிறாள்.

என்னைத் தூங்கவிடாதது காங்கோ பகுதிதான். அம்மாவைக் கொன்றது யார் என்பதற்கு விடை அந்த மாளிகையில் கிடைக்கவில்லை. அம்மா எதிலிருந்து தப்பி ஓடி வந்தாள் என்று தேடி, எல்லை தாண்டிக் கிழக்குக் காங்கோவுக்கே போக வேண்டியிருக்கிறது. அங்கே இருக்கும் கிவு மாகாணங்களை வரைபடத்தில் விரித்து வைத்துத்தான் படித்தேன். மண்ணுக்கடியில் தங்கம், செல்போன் போன்ற மின்னணுக் கருவிகளுக்குத் தேவைப்படும் கோல்டான் என்ற தாது, மேலே ஆயுதக் குழுக்கள். அங்கே பெண்களுக்கு நடந்த கொடுமை கதைக்காகச் சேர்த்தது இல்லை. தெற்குக் கிவுவின் புக்காவுவில் பான்ஸி மருத்துவமனையைத் தொடங்கி, அப்படிப் பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் டெனி முக்வேகேவுக்கு 2018-இல் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆண்டர்சனும் அகதிகளோடு வேலை பார்த்தவர். டினாவின் அம்மாவை அவர் வெறும் பிணமாக விட்டுவிடவில்லை. கதை போகப் போக அவள் ஒரு முழு மனுஷியாக எழுந்து வருகிறாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு இதை நான் கொடுக்க மாட்டேன், பெற்றோர் கவனிக்கவும்.

இப்போது அந்தப் பென்சில். கடைசி அத்தியாயங்களுக்கு வந்தபோது கை நடுங்கியது. வாசித்தேன், திரும்பவும் வாசித்தேன். அது தப்பு! எழுதிய ஆள் பாதியிலேயே ஊகித்து எழுதியிருக்கிறார். அந்த ராத்திரி நேரத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

எந்தப் பெயர் என்று கமென்ட்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இன்று காலை ரப்பர் வைத்து மெதுவாகத் தேய்த்து அழித்துவிட்டேன். இதோ, பாருங்கள், தடம் மட்டும் லேசாக இருக்கிறது. சாயங்காலம் புத்தகம் சித்தி மகளிடம் போகிறது.