விட்டுட்டாங்க சரி, ஜெயில்ல போன வருஷங்களுக்கு யாருங்க பதில்? | பார்டர் பேச்சு

வணக்கமுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா. கேரளா-தமிழ்நாடு பார்டர்ல வேலந்தாவளம் செக்போஸ்ட்கிட்ட வண்டிய ஓரங்கட்டிட்டு பேசறேன், லாரி சத்தம் வரும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. இன்னைக்கு பேசப்போறது, பெரிய கேஸ்ல மாட்டி வருசக்கணக்கா உள்ள இருந்துட்டு, குற்றம் நிரூபணம் ஆகாம வெளிய வர்றவங்களப் பத்தி.

1998 பிப்ரவரி 14, கோயமுத்தூர் குண்டுவெடிப்பு, 58 பேர் செத்துப்போனாங்க. பார்டருக்கு இந்தப் பக்கம், கேரளா பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைல இருக்கற எங்களுக்கு துணிமணி எடுக்கணும்னாலும் பெரியாஸ்பத்திரின்னாலும் கோவைதான், அதனால அத வேற ஸ்டேட் விசயம்னு நாங்க நெனச்சதே இல்ல. இப்பவும் அந்தத் தேதி வந்தா ரயில்வே ஸ்டேஷன்ல பைய தொறந்து பாக்கறாங்க. பாக்கட்டும், அத நான் தப்பு சொல்லல.

நான் சொல்ல வர்றது அந்த கேஸ்ல மாட்டுன அப்துல் நாசர் மதானி, கேரளாவுல பிடிபிங்கற கட்சியோட தலைவர். அவரோட பழைய மேடைப்பேச்சு எனக்கு சுத்தமா புடிக்காது, அத மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் கமெண்ட்ல வந்து திட்டாதீங்க. 98 மார்ச் கடைசில புடிச்சு கோவைல வெச்சாங்க. ஒரு கால் இல்லாத மனுசன், 92ல அவர் மேல குண்டு வீசுனதுல போன காலு. ஜாமீன் கேட்டாரு கேட்டாரு, கெடைக்கல. 2006ல கேரளா சட்டசபைல ஆளுங்கட்சி எதிர்க்கட்சி எல்லாம் ஒண்ணா சேந்து இவர விடச்சொல்லி தீர்மானமே போட்டாங்க, அப்பவும் நடக்கல. 2007 ஆகஸ்ட் 1, கோவை ஸ்பெஷல் கோர்ட் குற்றம் நிரூபணம் ஆகலைன்னு விட்டுருச்சு. அதே கேஸ்ல 150 பேருக்கு மேல குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சுங்க, அப்போ அது ஒண்ணும் எளகுன கோர்ட் இல்ல. ஒம்போது வருசத்துக்கு மேல உள்ள இருந்தாரு, வெளிய வந்தாரு, அவ்ளோதான்.

2010ல பெங்களூரு குண்டுவெடிப்பு கேஸ்ல மறுபடி புடிச்சாங்க. அதுல அவரு நெசமாவே பண்ணுனாரா இல்லையான்னு நான் சொல்ல முடியாது, கோர்ட்தான் சொல்லணும். ஆனா 2023ல ஒண்ணு நடந்துச்சு பாருங்க. ஒடம்பு சரியில்லாத அப்பாவ பாக்க கேரளா போக சுப்ரீம் கோர்ட் பர்மிஷன் குடுக்குது, கூட வர்ற போலீசுக்கு செலவுன்னு கர்நாடகா போலீஸ் கிட்டத்தட்ட 60 லட்சம் கேக்கறாங்க. அறுபது லட்சமுங்க! தீர்ப்பே வராத ஆளுகிட்ட. நம்ம யாராச்சும் மாட்டுனா வீட்ட வித்தாலும் அப்பன் மூஞ்சிய பாக்க முடியாது.

நம்பி நாராயணன் மேட்டர் எல்லாருக்கும் தெரியும், நாகர்கோவில்காரரு, இஸ்ரோ விஞ்ஞானி. அது தீவிரவாத கேஸ் இல்ல, உளவு கேஸ், ஆனா வழி ஒண்ணுதான். 94ல கேரளா போலீஸ் புடிச்சாங்க, 96லயே சிபிஐ இது பொய்க்கேஸ்னு சொல்லிருச்சு. 50 லட்சம் குடுங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2018ல. அப்புறம் கேரளா கவர்மெண்ட் 1.3 கோடி குடுத்தாங்க. யார் காசு அது? நம்ம வரிப்பணம். புடிச்ச ஆபீசருங்க மேல சிபிஐ சார்ஜ்ஷீட் போட்டது 2024ல, முப்பது வருசம் கழிச்சு.

அவரு பெரிய விஞ்ஞானி, இந்தளவுக்காவது நடந்துச்சு. ஹைதராபாத் மெக்கா மசூதி குண்டுவெடிப்புக்கு அப்புறம் தப்பா புடிச்ச பசங்களுக்கு ஆந்திரா கவர்மெண்ட் 2012ல காசு குடுத்துச்சு, சில பேருக்கு 3 லட்சம், நெறய பேருக்கு வெறும் 20,000. விடுதலை ஆயிட்டாலே நஷ்டஈடு குடுக்கணும்னு இல்லைன்னு 2013ல ஹைகோர்ட் அதையும் ரத்து பண்ணிருச்சு.

இப்போ யுஏபிஏ இருக்குல்ல, தீவிரவாத கேஸ்ல போடற சட்டம், அதுல சார்ஜ்ஷீட் போடவே 180 நாள் வரைக்கும் டைம் கெடைக்கும். போலீஸ் சொல்றது மேலோட்டமா உண்மை மாதிரி தெரிஞ்சா ஜாமீன் குடுக்கக்கூடாதுன்னு அந்தச் சட்டத்தோட 43டி(5) பிரிவு சொல்லுது. போலீஸ் தரப்பு சாட்சிய குறுக்கு விசாரணை பண்றதுக்கு முன்னாடியே, போலீஸ் எழுதுன பேப்பர வெச்சு ஜாமீன முடிவு பண்ணிருவாங்க. 2021ல ஒரு கேரளா கேஸ்ல, நஜீப் கேஸ்னு சொல்வாங்க, விசாரணை முடியாம வருசக்கணக்கா உள்ள வெச்சிருந்தா ஜாமீன் குடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. நல்லதுதான். ஆனா அந்த வருசமெல்லாம் போனப்புறம்தான அது கெடைக்குது.

பொய்க்கேஸ்ல மாட்டுனவங்களுக்கு நஷ்டஈடு குடுக்க தனிச்சட்டம் வேணும், ஸ்பெஷல் கோர்ட் வேணும்னு 2018லயே சட்ட கமிஷன், அதாவது மத்திய அரசுக்கு சட்ட விசயத்துல யோசனை சொல்ற குழு, ரிப்போர்ட் குடுத்துச்சு, 277வது ரிப்போர்ட். சட்டம் இன்னும் வரல. இந்தப் பக்கம் பாலக்காடு எம்பி, அந்தப் பக்கம் கோவை எம்பி, ரெண்டு பேருக்கும் மெயில் போட்டிருக்கேன், பதில் வந்தா அடுத்த வீடியோல அப்படியே படிச்சு காட்டறேன். மலையாளம் சப்டைட்டில் நைட்டு ஏத்தறேன். வர்றேனுங்க.