தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

[காட்சி: சமையல் மேடை. எவர்சில்வர் தட்டு ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.]

வணக்கம். எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தட்டு இது. பின்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய எழுத்தில் '12.6.74' என்று இருக்கிறது; அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. ஐம்பது ஆண்டுகளாகச் சாம்பலும் தேங்காய் நாரும் பிறகு சபீனாவும் தேய்த்தும் இந்தத் தட்டு நெளியவில்லை. போன வருடம் நான் வாங்கிய ஆறு தட்டுகளோ, சூடான சாதம் போட்டு ஒரு கையில் ஏந்தினால் நடுவில் குழிகின்றன. கடையில் பார்த்தபோது புதியவைதான் அதிகமாகப் பளபளத்தன. இந்த வீடியோவில் தட்டையும் கரண்டியையும் முகத்தைப் பார்த்து அல்ல, முதுகையும் விளிம்பையும் எடையையும் பார்த்து மதிப்பிடும் முறையைச் சொல்கிறேன்.

[காட்சி: தராசின் மீது இரண்டு தட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக.]

எவர்சில்வரிலிருந்து தொடங்குவோம், சென்னை வீடுகளில் அன்றாடச் சாப்பாடு இன்னமும் பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழி வந்த உலோகம் இது. இரும்புடன் சேரும் குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. நிக்கல் சேர்ந்தால் உலோகம் இன்னும் நன்றாகத் தாங்கும். கரண்டியின் பின்பக்கத்தில் 18/8 அல்லது 18/10 என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் குரோமியத்தின் சதவீதம், இரண்டாவது எண் நிக்கலின் சதவீதம் என்று பொருள். 18/0 என்றால் நிக்கல் இல்லை.

இங்கே பலரும் நம்பும் காந்தச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் செய்து காட்டுவார். 18/0 வகையில் காந்தம் ஒட்டும், 18/8 வகையில் ஒட்டாது என்பது வரை அது சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து, அதற்குப் பதிலாக மாங்கனீசு சேர்த்து, விலை குறைவாகத் தயாரிக்கப்படும் 200 வரிசை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தம் ஒரு கலப்படத்தைப் பிடித்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடுகிறது. பழைய உலோகம் வாங்குபவர்கள் ஒரு சொட்டுச் சோதனைத் திரவம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்து இரண்டையும் பிரிப்பதுண்டு. நம்மால் கடையில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது. அதனால் 18/8 என்றோ, அந்த வகை ஸ்டீலின் தர எண்ணான 304 என்றோ தட்டில் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள், அதையே பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

அடுத்தது கனம். தகட்டின் கனத்தை கேஜ் கணக்கில் சொல்வார்கள். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெல்லியதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் சாதாரணத் தட்டுகளை எடை போட்டுக் கிலோ விலைக்கே தருவதுண்டு. அப்படி வாங்கும்போது கனமான தட்டு விலை கூடுதலாகத் தெரிந்தாலும் ஏமாற்றம் இருக்காது. பூ வேலைப்பாடு செய்து உருப்படிக் கணக்கில் விற்கும் தட்டில் தகட்டின் கனத்தைக் குறைத்து மினுக்கத்தைக் கூட்டியிருக்கலாம். தட்டின் இரு விளிம்புகளையும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். பிறகு விளிம்பின் அடியில் விரலை ஓட்டுங்கள். விளிம்பு உள்பக்கமாக முழுதும் சுருட்டி மடிக்கப்பட்டிருக்க வேண்டும், பிசிறு தட்டக்கூடாது. மடிப்பில் இடைவெளி இருந்தால் எண்ணெயும் பாத்திரத் தூளும் அங்கே தங்கி, கறுப்புக் கோடாக நிற்கும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நல்ல ஸ்டீலையும் உப்பிலுள்ள குளோரைடு புள்ளி புள்ளியாக அரிக்கும். எச்சில் தட்டுகளை ஊறுகாயோடு இரவு முழுவதும் சிங்க்கில் விட்டுவைத்தால் அந்தப் புள்ளிகள் வந்துவிடும், தட்டின் மீது பழி விழும். கழுவியதும் துணியால் துடைத்து வைப்பது போதும். வெள்ளைக் கறை சுண்ணாம்புப் படிவு. எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும்.

[காட்சி: கரண்டி, முள்கரண்டி, கத்தி. விரல்களின் அண்மைக் காட்சி.]

கரண்டிகளுக்கு வருவோம். இருபத்து நான்கு உருப்படிப் பெட்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள ஆறு மேசைக் கத்திகளை நம் வீட்டில் எதற்குப் பயன்படுத்துவோம்? உப்புமாவுக்கும் பாயசத்துக்கும் தயிருக்கும் தேவைப்படுவது கரண்டிகளே. பெட்டியாக வாங்காமல், பிடித்த ஒரே வடிவத்தில் தனித்தனியாக ஒரு டஜன் ஸ்பூனும் அரை டஜன் முள்கரண்டியும் வாங்குவது மேல். ஸ்பூனின் கழுத்துதான் அதன் மெலிந்த இடம். கட்டைவிரலால் அங்கே அழுத்தினால் வளையக்கூடாது. முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே கைக்குட்டையின் ஓரத்தை இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் உட்பக்கத்தை மெருகேற்றாமல் விட்டிருக்கிறார்கள். கத்தியில் மட்டும் காந்தம் ஒட்டுவதைக் குறையாக எண்ண வேண்டாம், கூர்மை நிற்பதற்காக அதைக் கடினமான வேறு வகை எஃகில் செய்கிறார்கள்.

[காட்சி: பீங்கான் தட்டின் பின்னால் விளக்கு.]

பீங்கான் வாங்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, இதில் ரசம் சாதம் நிற்குமா என்பதுதான். மேல்நாட்டுச் சாப்பாட்டு மேசைக்காக வடிவமைத்த தட்டையான தட்டு, இறைச்சித் துண்டையும் காய்கறியையும் தாங்கும்; ரசத்தை மடியில்தான் ஊற்றும். விளிம்பு ஒரு விரல் அளவாவது எழும்பியிருப்பதையோ அகலக் கிண்ணம் போன்றதையோ தேர்ந்தெடுங்கள். பிறகு, மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல, தட்டை விரல் நுனிகளில் நிறுத்தி நகத்தால் சுண்டுங்கள். நன்றாகச் சுட்டதாயின் கணீரென்று ஒலிக்கும். சத்தம் மொத்தையாக விழுந்தால், உள்ளே விரிசல் இருக்கலாம், அல்லது குறைந்த சூட்டில் சுட்ட மண்ணாக இருக்கலாம். அடிவளையத்தில் மெருகு, அதாவது கண்ணாடிபோன்ற மேல்பூச்சு, படாத இடத்தில் ஒரு துளி தண்ணீர் வைத்தால், அது உறிஞ்சப்படும் வேகமே மண்ணின் தரத்தைச் சொல்லிவிடும்.

போன் சைனா எனப்படுவது, மாட்டெலும்புச் சாம்பலைக் களிமண்ணோடு கலந்து செய்வது. எலும்பு ஆகாத வீட்டினர் இதை அறிந்து வாங்குவது நல்லது. விளக்குக்கு முன் பிடித்தால் பின்னாலுள்ள விரல்களின் நிழல் தெரியும். கையால் வனைந்த கற்பீங்கான் (ஸ்டோன்வேர்) விரும்புகிறவர்கள் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போவார்கள். 1971இல் அங்கே ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அந்தக் கலை சுற்றுப்புறத்திலும் பரவியது. ஆனால் எங்கே செய்ததென்று தெரியாத, பளிச்சென்ற வண்ணம் பூசிய பழைய தட்டில் புளிக்குழம்பு பரிமாற வேண்டாம். மெருகில் ஈயம் இருந்தால் புளிப்பு அதை வெளியே இழுக்கும். அதைச் சுவரில் மாட்டிவையுங்கள். மெலமைன் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் தட்டை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, தங்கக் கோடு போட்ட பீங்கானையும் வைக்கக் கூடாது.

[காட்சி: பட்டுத் துணியின் மீது இரண்டு தட்டுகள். ஒன்று வெள்ளி, ஒன்று வெள்ளிபோல.]

இனி, வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி. என் அத்தை கொலுவுக்குத் தாம்பூலம் வைக்கும் ஒரு தட்டை வெள்ளி என்று நம்பி, அவசரத்துக்கு விற்க எடுத்துப்போனார். கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை அது; பெயரைத் தவிர வேறெங்கும் அதில் வெள்ளி இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பூனின் முதுகில் இ.பி.என்.எஸ். என்ற முத்திரை கண்டால், அதே கலவையின் மீது மெல்லிய வெள்ளிப்பூச்சு கொடுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள். மேசைக்கு அழகுதான், உருக்கினால் ஒன்றும் தேறாது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் ஹால்மார்க் பெற்ற வெள்ளியில் 990, 970, 925 போன்ற தூய்மை எண் இருக்கும். 925 என்றிருந்தால், 200 கிராம் தட்டில் 185 கிராம் சுத்த வெள்ளி உள்ளது என்று அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளலாம். வாங்கும்போது கொடுத்த செய்கூலி திரும்பி வராது. விதிவிலக்கும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கி விற்ற 'சுவாமி' வேலைப்பாட்டு வெள்ளிக்கு, சேகரிப்பாளர்கள் எடை விலைக்கு மேலேயே கொடுப்பார்கள். அப்படி ஏதாவது உங்கள் பீரோவில் இருந்தால் உருக்குவதற்கு முன்பும், பாலிஷ் போடுவதற்கு முன்பும் முத்திரையைப் படம் எடுத்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

[காட்சி: பாத்திரக் கடை. மின்கருவியால் பெயர் வெட்டும் கை.]

கடைசியாக ஒன்று. தட்டு வாங்கியதும் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். எழுத்தை வாயால் சொல்லாமல், தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கருவியின் இரைச்சலில் அவர் காதில் விழுந்ததைத்தான் வெட்டுவார். நான் 'ஸ்ரீ' என்று சொன்னேன். ஆறு தட்டுகளின் முதுகிலும் அழகான கையெழுத்தில் 'சிரி' என்று இருக்கிறது.