சார்ஜ் தீந்தா தீந்து போற உறவாங்க அது?

நடுவர் அய்யாவுக்கு வணக்கமுங்க, ரெண்டு அணிக்கும் வணக்கம், நோம்பிக்கு வந்துட்டு இந்நேரம் வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருக்கற ஒறம்பரை அத்தனை பேருக்கும் வணக்கமுங்க. தலைப்பு உங்களுக்கே தெரியும், கொரோனா காலத்துல பிரிஞ்சு கெடந்த குடும்பத்த ஒட்டுக்கா வெச்சது செல்போனா, அக்கம்பக்கத்து மனுசங்களான்னு. நான் செல்போன் பக்கம்.

எனக்கு முன்னால பேசுன பொள்ளாச்சி அண்ணா போகும்போது ஒரு போடு போட்டுட்டுப் போனாரு, "சார்ஜ் தீந்தா தீந்து போற உறவெல்லாம் ஒரு உறவா"ன்னு. நீங்களும் அப்படிக் கை தட்டுனீங்க. இதுக்குப் பதில் சொல்லாம நான் தலைப்புப் பக்கமே போக மாட்டனுங்க.

எங்கம்மா, எம்பையனுக்கு அமுச்சி, கோபிப் பக்கம் தோட்டத்துல இருக்கறாங்க. பையன் பெங்களூருல வேலை. எப்பவும் காலைல கெளம்புனான்னா திம்பம் 27 வளைவும் எறங்கி, பண்ணாரில ஒரு கும்பிடு போட்டுட்டு, மத்தியானச் சோத்துக்கு அமுச்சி ஊட்டு ஆசாரத்துல உக்காந்திருப்பான். 2020 மார்ச் 24 பொழுதோட இங்க 144 போட்டாங்க, அடுத்த நாள் நாடே பூட்டியாச்சு. கூட இருந்த பசங்க முன்னாடியே ஊருக்குப் போயிட்டாங்க, இவன் மட்டும் ரூம்ல ஒத்தையா மாட்டிக்கிட்டான்.

அம்மாகிட்ட இருந்தது பட்டன் போனுங்க. 2ஐ அமுக்கிப் புடிச்சா பேரனுக்குப் போகும், அது வரைக்கும் தெரியும். தோட்டத்துல அந்தப் போனுக்கு சிக்னல் கெடைக்கறது தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னா மட்டும் தான். ஏறி நின்னு அமுக்குனாங்க. அப்ப எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், போன் போட்டா ரிங் போறதுக்கு முன்னால என்ன கேக்கும்? ஆ, நீங்களே இருமறீங்க பாருங்க! லொக்கு லொக்குன்னு ஒரு இருமல். எங்கம்மா என்ன நெனச்சாங்க, பேரன் தான் போன எடுத்து இருமறான்னு. "ஏங்கண்ணு, இந்த இருமு இருமறயே! சுக்கு தட்டிப் போடு, கொத்துமல்லி ஒரு பிடி, நாலு மொளகு, திப்பிலி கெடைக்குதான்னு பாரு"ன்னு கசாயம் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. அவன் நெசமா எடுக்கறப்ப பாதிக் கசாயம் முடிஞ்சிருக்கும். "ஹலோ"ங்கறான், "கருப்பட்டி போட்டு எறக்கு"ங்கறாங்க. என்னத்த எறக்கறது, அவன் இன்னும் அடுப்பே பத்த வெக்கலியே!

இதோட முடிஞ்சுதான்னா இல்லீங்க. இருமலுக்கு அப்பறம் ஒரு பொம்பளக் கொரலு பேசுமில்ல? அது என்ன பேசுதுன்னு அம்மாவுக்குப் புரியல, ஆனா பொம்பளன்னு புரிஞ்சு போச்சு. எனக்குப் போன் போட்டு, கொரலக் கம்மி பண்ணிட்டு சொல்றாங்க, "அம்மணி, நீ கோவப்படாத, உம்பையன் ரூம்ல ஒரு புள்ள இருக்குதாட்ட இருக்குது. நல்லாத்தான் பேசுது. ஆனா பாவம், ஓயாம இருமுது". எனக்கு தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஊரே அடங்கிக் கெடக்குது, இவன் அங்க என்ன பண்றான்னு நான் அவனுக்குப் போன் போட்டா, எனக்கும் அதே புள்ள தான் இருமுது!

அது ரெக்கார்டு பண்ணி வெச்சதுன்னு அம்மாவுக்குப் புரிய வெக்கறதுக்குள்ள எனக்குத் தொண்ட காஞ்சு போச்சு. முழுசாக் கேட்டுட்டு எங்கம்மா சொன்னாங்க, "ரெக்கார்டா இருந்தா என்ன, யாரோ ஒரு தாய் பெத்த புள்ள தான இருமி ரெக்கார்டு பண்ணுச்சு". அடுத்த நாளும் தொட்டி மேல ஏறுனாங்க, கசாயம் மொதல்ல அந்தப் புள்ளைக்கு, அப்பறம் தான் பேரனுக்கு. பொள்ளாச்சி அண்ணா, சார்ஜ் தீந்தா தீந்து போறது போனுங்ண்ணா. எங்கம்மாவுக்கு தீரவே இல்லீங்களே! பொழுதோட அந்த ஒரு குரல் வரலீன்னா, அந்த ரூம்ல எம்பையன் பைத்தியமாயிருப்பான்னு அவனே எங்கிட்ட சொன்னானுங்க.

அக்கம்பக்கம்னு சொன்னீங்க. நான் இல்லைங்கல, வாசப்படில சோத்துப்போசி வெச்சுட்டுப் போன மகராசிங்க உண்டு. ஆனா ஒரு ஊட்டுல பாசிட்டிவ்னு வந்தா அந்த வீதிக்கே தகரம் அடிச்சாங்களே, தகரத்துக்கு இந்தப்பக்கம் நீங்க, அந்தப்பக்கம் நாங்க, நல்லா இருக்கறீங்களான்னு கேக்கறதுக்கே போன் தான வேணுமாயிருந்துச்சு? எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னுட்டாங்க. பங்காளி மட்டுமே அதுக்கு மேல வருவாங்க, மாமன் மச்சான எங்க உக்கார வெக்கறது? எல்லாத்தையும் ஜூம்ல உக்கார வெச்சோம். காசு கட்டாத ஜூம் 40 நிமிசத்துல கட்டாயிரும், கல்யாணத்த நடத்தி வெக்கற நம்ம அருமைக்காரர் செய்யற சீரு 40 நிமிசத்துல முடியற சீருங்களா? கட்டாகக் கட்டாக திருப்பித் திருப்பி வந்து உக்காந்தாங்க, துபாய்ல இருந்து எங்க தம்பி அட்சதைய கம்ப்யூட்டர் மேலயே போட்டான்.

இப்ப ஒரு விசயம் சொல்றனுங்க, இதச் சிரிச்சுட்டு சொல்ல முடியாது.

2021 மே மாசம். உங்கள்ல எத்தன பேரு ஊட்டுல என்னென்ன நடந்துச்சோ எனக்குத் தெரியாது. அந்த மாசக் கடைசில ஒரு நாளைக்கு வர்ற கேஸுல கோயமுத்தூரு சென்னையவே தாண்டுச்சு. எங்கப்பாவ ஆக்சிஜன் வார்டுல சேத்திருந்தோம். உள்ள யாரும் போக முடியாது. அம்மா தோட்டத்துல, நான் கோயமுத்தூருல கதவ அடச்சுட்டு, பையன் பெங்களூருல. பொழுதோட ஒரு சிஸ்டர், தலை முதல் கால் வரைக்கும் அந்த வெள்ளை உடுப்பு, முகங்கூடத் தெரியாது, போன அப்பா முன்னால புடிச்சாங்க. அதுக்குள்ள அம்மாவுக்கு வீடியோ பாக்கற போன் வாங்கிக் குடுத்திருந்தோம். எங்கம்மா வாய்ல "ஏனுங்"ங்கறதுக்கு மேல ஒரு வார்த்த வரல. அப்பா மாஸ்குக்குள்ள இருக்கறாரு, பேச முடியாது, கைய மட்டும் ஆட்டி என்னமோ கேக்கறாரு. எங்களுக்கு யாருக்கும் புரியல, அம்மாவுக்குப் புரிஞ்சுது. எந்திரிச்சு கட்டுத்தறிக்குப் போனாங்க, சினையா விட்டுட்டுப் போன மாடு கன்னு போட்டிருந்துச்சு, அந்தக் கன்னுகிட்ட போனக் காட்டுனாங்க. அப்பா கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. போனப் புடிச்சிருந்த கையும் ஆடுச்சு.

அந்த சிஸ்டரு ரெண்டு வயசுக் கொழந்தைய மாமியாகிட்ட விட்டுட்டு, லாட்ஜுல தங்கி டூட்டி பாத்த பொண்ணுன்னு எங்களுக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது. டூட்டி முடிஞ்சு குளிச்சுட்டு ஊட்டுக்குப் போன் போடறப்ப கொழந்த தூங்கியிருக்குமாம். எழுப்ப வேண்டாமுன்னுட்டு, தூங்கற கொழந்தைய அப்படியே பாத்துட்டே இருப்பாங்களாம்.

எதிரணில இதுக்கும் ஒண்ணு வெச்சிருப்பீங்க, அது சிஸ்டரோட அன்பு, போனோட வேலை இல்லைன்னு. சொல்லிக்குங்க. எனக்கு இப்ப அதுக்கு வாதம் பண்ணத் தோணல. அந்தப் போனு இல்லாம இருந்திருந்தா எங்கப்பா யாரு முகத்தப் பாத்து தெம்பு புடிச்சிருப்பாருன்னு மட்டும் சொல்லுங்க.

அப்பா பொழச்சு வந்துட்டாருங்க. அந்தக் கன்னு இப்ப பெரிய மாடு. நோம்பி நொடின்னா மொத போன் அந்த சிஸ்டருக்குத் தான் போடுவாரு, இன்னிக்குக் காலைலயும் போட்டாரு, கொழந்த பள்ளிக்கூடம் போகுதாம். மணி அடிச்சுட்டீங்க, தெரியுதுங்க. நடுவர் அய்யா, தீர்ப்ப எங்க பக்கம் குடுங்க. வணக்கமுங்க.