கனத்த குரல் பெண்களே, கரோக்கியில் எந்தப் பாட்டை எடுப்பது? மைனஸ் 6 ரகசியம்

பல்லவி அழகாகப் போகிறது. அறையில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். சரணம் வருகிறது. இரண்டாவது வரியில் முகவாய் மேலே போகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, மைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயை விட்டு விலகுகிறது. மூன்றாவது வரியில் குரல் உடைகிறது. "எனக்கெல்லாம் பாட்டு வராதுப்பா" என்று மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

உங்களுக்குப் பாட்டு வரும். அந்த ட்ராக் உங்கள் கட்டையில், அதாவது உங்கள் சுருதியில் இல்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய ஒரே ஒரு பொத்தான் போதும். அதில் 6 என்ற எண்ணுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. வீடியோவின் நடுவில் வரும், தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கரோக்கி ஜப்பானியச் சொல். 'வெற்று ஆர்கெஸ்ட்ரா' என்று பொருள். 1971-இல் கோபே நகரத்தில் டைசுகே இனோவே என்ற இசைக்கலைஞர் இதற்கான இயந்திரத்தை உருவாக்கினார். காப்புரிமை வாங்கவே இல்லை. இதற்கான பொறி எங்கே தட்டியது தெரியுமா? அவர் வாசிப்புக்குப் பாடும் வாடிக்கையாளர் ஒருவர், ஒரு பயணத்துக்குக் கூடவே வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்கு ஏற்றபடி வாசித்து, டேப்பில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். பாடுகிறவரின் குரலைத் தேடி இசை வந்த கதை இது. நாம்தான் ட்ராக் எங்கே ஓடுகிறதோ அங்கே தொண்டையை இழுத்துக்கொண்டு போகிறோம்.

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் இப்படி நடக்குமா? பாடுகிறவரின் சுருதிக்குத் தம்புராவைச் சேர்க்கிறார்கள், வயலினும் அதற்கே சேர்கிறது. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்கள் 5, ஐந்தரைப் பக்கம். கனத்த குரல் உள்ள பெண் 4 கட்டையில் பாடினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. டி.கே. பட்டம்மாளின் கம்பீரமே அந்தத் தணிந்த குரல்தான்.

சரி, உங்கள் எல்லையைக் கண்டுபிடியுங்கள். போனில் ஒரு ட்யூனர் ஆப் போதும். 'ம்ம்' என்று முனகியபடி படிப்படியாக இறங்குங்கள். சத்தம் போய் வெறும் காற்று வரும் இடத்துக்கு இரண்டு படி மேலே உங்கள் தரை. அப்புறம் 'ஆ' என்று ஏறுங்கள். முகவாயைத் தூக்கத் தோன்றும் இடத்துக்கு இரண்டு படி கீழே உங்கள் கூரை. தூங்கி எழுந்த உடனே பார்க்காதீர்கள், காலையில் எல்லாருக்கும் குரல் இறங்கித்தான் இருக்கும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

"குரல் கனமாக இருக்கிறதா, ஆண்கள் பாட்டைப் பாடு" என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி சரி. உச்சத்தில் பாடும் ஆண் பாடகர்களின் பாட்டு அப்படியே உங்களுக்குப் பொருந்தலாம். ஆனால் பெரும்பாலான ஆண் பாட்டுகளில் பல்லவி பாதாளத்தில் இருக்கும், உங்கள் தரைக்கும் கீழே. உடனே என்ன செய்வோம்? ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை, மேலே தாவிவிடுவோம். பல்லவி சுகமாக இருக்கும், சரணம் கூரையைப் பிய்க்கும். கீழேயும் இடமில்லை, மேலேயும் இடமில்லை.

(திரையில்: கீபோர்டின் ஒரு ஸ்தாயி)

இங்கேதான் 6 வருகிறது. கரோக்கியில் கீ மாற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கீபோர்டில் ஒரு கட்டை நகரும், கறுப்பையும் சேர்த்து. வெள்ளைக் கட்டைகளுக்கு 1 முதல் 7 வரை எண், நடுவில் உள்ள கறுப்புக்கு 'அரை'; 3-க்கும் 4-க்கும், 7-க்கும் அடுத்த 1-க்கும் நடுவில் கறுப்பு இல்லை. ட்ராக் 1 கட்டையில் இருக்கிறது என்று வையுங்கள். ப்ளஸ்ஸை ஆறு முறை அழுத்துவோம், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள்: ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, நாலு, நாலரை. நாலரைக் கட்டை. இப்போது பழைய இடத்துக்கு வந்து மைனஸை ஆறு முறை: ஏழு, ஆறரை, ஆறு, ஐந்தரை, ஐந்து, நாலரை. அதே நாலரைக் கட்டை!

மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் ஒரே வாசல். ஆண் பாட்டில் மைனஸ் 6 வைத்துவிட்டு, நீங்கள் ட்ராக்குக்கு ஒரு ஸ்தாயி மேலே பாடுவீர்கள்; அது ப்ளஸ் 6-இல் பாடுகிற அதே உயரம்தான். ஒரு ஸ்தாயிக்குப் 12 படி, அதில் சரிபாதி 6. முதல்முறை இதை விரல் வைத்து எண்ணிப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதுவும் நாலரைக் கட்டை எங்கே இருக்கிறது பாருங்கள்: ஆண்களின் ஒன்றுக்கும் பெண்களின் ஐந்தரைக்கும் நடுவில், கனத்த குரல் பெண்ணின் மடியில்.

வாத்தியங்களின் சத்தம் மட்டும் மாறும். ப்ளஸ்ஸில் கிடார் மெலிந்து கீச்சென்று கேட்கும், மைனஸில் ட்ரம்ஸ் கொழகொழவென்று ஆகும். என் ஓட்டு மைனஸுக்கு. ஆறு வரை போகாமல் நாலிலேயே சரணம் சுகமாக வந்துவிட்டால் அங்கேயே நில்லுங்கள். பெண்கள் பாடிய பாட்டு என்றால் மைனஸ் 2-இலிருந்து 4-க்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சரணத்தை முதலில் பாடிப் பாருங்கள், பல்லவி எப்போதும் ஏமாற்றும். ஒரே ஒரு இடத்தில் உச்சம் தொட்டுத் திரும்பும் பாட்டு பரவாயில்லை. உச்சத்திலேயே குடியிருக்கும் பாட்டு வேண்டாம். சில ஆங்கிலப் பாட்டுகளில் கடைசி முறை பல்லவி வரும்போது ட்ராக்கே அரை சுரமோ ஒரு சுரமோ ஏறும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதுபோல் போகும் பாட்டு, தாலாட்டு, மெதுவான சோகப் பாட்டு, இவையெல்லாம் உங்கள் ராஜ்ஜியம். ஆங்கிலத்தில் கேரன் கார்ப்பென்டர், ட்ரேசி சாப்மன் பாடியவற்றிலிருந்து தொடங்கலாம், இருவருமே தணிந்த குரல்காரர்கள்.

உஷா உதுப்பை மறக்க முடியுமா? குரல் சரியில்லை என்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்தே வெளியே அனுப்பப்பட்டவர். அதே குரலுக்குத்தான் 2024-இல் பத்மபூஷண்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. உதட்டில் ஒட்டிப் பிடித்தால் மைக் அடிச்சத்தத்தைக் கூட்டிக் காட்டும், கனத்த குரலில் சொற்கள் குழைந்துபோகும். மூன்று விரல் தள்ளிப் பிடியுங்கள், எக்கோவைக் குறையுங்கள்.

இப்போதே ஒரு பாட்டைப் போட்டு, மைனஸ் 3-இல் சரணத்தை மட்டும் பாடிப் பாருங்கள். எந்த எண்ணில் உங்கள் முகவாய் தூக்காமல் நின்றது என்று கமென்ட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன், அந்த எண்ணுக்கு ஏற்ற பாட்டுகளை அடுத்த வீடியோவில் சேர்ந்தே தேடுவோம்.