காரணம் சொல்லி மறுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையை நெகிழவைத்த கவிஞர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். என்னை அறிமுகம் செய்த செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி. அத்தனை புகழுக்கும் நான் உரியவனாக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். மறுப்பைத் தாங்குவது எப்படி, மறுப்பிலிருந்து கற்பது எப்படி, மறுப்பவரின் கடமை என்ன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நான் எங்கே போனாலும் சொல்லும் பழமொழி. இன்றும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுவயதில் எனக்கு ஓர் ஆசிரியை இருந்தார். கட்டுரை எழுதிக் கொடுத்தால் மறுநாளே திரும்பி வரும். மதிப்பெண் இருக்காது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருக்கும். "இரண்டாம் பத்தியில் யார் பேசுகிறார்கள்?" திருத்திக் கொடுப்பேன். "மழை பெய்தது என்கிறாய், யார் நனைந்தார்கள்?" மறுபடியும் எழுதுவேன். "இப்போது நனைந்தவர் தெரிகிறார். அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார்?" அழுதுகொண்டே ஒருநாள், "இது நன்றாக இல்லை என்று சொல்லிவிடுங்கள், டீச்சர்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "நன்றாக இல்லை என்றால் நீ வீட்டுக்குப் போய்விடுவாய். எது இல்லை என்று சொன்னால்தான் திரும்பி வருவாய்."

பிற்காலத்தில் என் கதைகள் பல பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்தன. "வருந்துகிறோம்" என்ற அச்சடித்த சீட்டைத் தவிர உறைக்குள் எதுவும் இருக்காது. அப்போதெல்லாம் சிவப்புப் பேனாவை நானே கையில் எடுப்பேன். யார் நனைந்தார்கள் என்று என் கதையை நானே கேட்பேன். பெரும்பாலும் பதில் கிடைக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும், உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் ஊர்வது என்று எறும்புக்குத் தெரிய வேண்டாமா?

கத்தலின் கரிகோ என்ற அறிவியலாளரை நினைத்துப் பாருங்கள். ஹங்கேரியில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகள். பள்ளி நாள்களில் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ அறிஞரின் எழுத்தைப் படித்து, நம்மால் மாற்றக்கூடியதில் மட்டும் கவனம் வைக்க வேண்டும் என்று மனத்தில் பதித்துக்கொண்டவர். 1985இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உடலின் செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் மூலக்கூறுக்கு எம்.ஆர்.என்.ஏ. என்று பெயர். அதைப் பற்றிய ஆய்வுக்கு அவர் கேட்ட நிதி திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. 1995இல் பதவியிலும் இறக்கப்பட்டார். அந்த எம்.ஆர்.என்.ஏ.வை உடல் எதிரியாக நினைத்துத் தாக்காமலிருக்க வழி கண்டு, சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து அவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, பின்னாளில் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடித்தளமானது. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாற்றக்கூடியது எது என்று தேடும் பழக்கம் அவருக்குச் சிறுவயதிலேயே வாய்த்திருந்தது. வாய்க்காத பிள்ளைகளை என்ன செய்வது?

அதனால்தான் மூன்றாவது செய்திக்கு விரைகிறேன். மற்ற இரண்டையும் விரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். வேலைக்கு விண்ணப்பித்தவருக்கும், உதவித்தொகை கேட்டவருக்கும், கதை அனுப்பியவருக்கும் "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு கடிதமும் ஏன் இல்லை என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டும். விண்ணப்பங்கள் குவிகின்றன, நேரமில்லை என்பார்கள். வகுப்பு முழுவதின் நோட்டுகளையும் திருத்திய என் ஆசிரியைக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? படிக்க வேண்டியவர் படித்திருந்தால் காரணமும் கையிலேயே இருக்கும். அதை எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். தலைவர் அவர்களும் துணைவேந்தர் அவர்களும் முதல் இரண்டு கையெழுத்துகளை இட்டுத் தொடங்கிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தம்பி தங்கைகளே, உங்களுக்கு வந்த காரணமில்லாத மறுப்புக் கடிதங்களின் நகல்களையும் அதனுடன் இணையுங்கள். நன்றி, வணக்கம்.