பூனைக்குட்டியை முதன்முதல் வெளியில விடுறது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் எல்லாருக்கும். இந்த முறை கேள்வி நிறைய வந்திருக்கு. ஆனா இண்டைக்கு ஒண்டே ஒண்டுக்குத்தான் பதில் சொல்லப் போறன், ஏனெண்டா அது வாசிச்ச நேரத்தில இருந்து என்ட மனசை விட்டுப் போகல்ல. உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா: "அக்கா, எங்கட பூனை மூண்டு குட்டி போட்டது. இப்ப ஒன்பது கிழமை. விடிஞ்சாப் போதும், கதவடியில நிண்டு கத்துதுகள். தாய் வெளியில போய் வருது, இதுகளும் போகப் பாக்குதுகள். விடலாமா? விட்டா திரும்பி வருமா?"

"விடலாமா" எண்டு கேக்கிற ஆக்கள் நிறையப் பேர். "திரும்பி வருமா" எண்டு கேட்ட இந்தத் தங்கச்சியை எனக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. குட்டிக்கு வெளியில போக ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்ல. திரும்பி வரத்தான் படிப்பிக்க வேணும். அதை முதல் நாளைக்கு முதலே படிப்பிச்சிட வேணும்.

முதல்ல வயசைச் சொல்லிடுறன். ஒன்பது கிழமையில வெளி மண்ணில விடாதீங்க. நாய்க்குப் பார்வோ எண்டு ஒரு வருத்தம் இருக்கெல்லோ, அதே குடும்பத்து வைரஸ் பூனைக்கும் இருக்கு. வாந்தி, வயித்தால போறது, ரெண்டு மூண்டு நாளில குட்டி முடிஞ்சிடும். அந்த வைரஸ் மண்ணிலயும் சீமெந்திலயும் மாதக்கணக்கா உயிரோட கிடக்கும். தாய்ப்பாலில வந்த பாதுகாப்பு குறைஞ்சு கொண்டு வாற வயசு இது. அதனால எட்டு, ஒன்பது கிழமையில முதல் ஊசி, மூண்டு நாலு கிழமை கழிச்சு அடுத்தது. அந்த ரெண்டாவது ஊசி போட்டு ஒரு கிழமை போகட்டும். மூண்டு மாதம் முடிய விசர் தடுப்பூசியும் போடுங்க. நாய்களுக்கு ஊசி போட வாற நேரம் பூனைக்கும் போடுவீங்களா எண்டு வாய் திறந்து கேளுங்க. ஊசி போட்ட அண்டைக்குக் குட்டி கொஞ்சம் சோர்ந்து படுக்கும், உடம்பு சுடும். அதுக்குப் பனடோல் உடைச்சுக் குடுத்திடாதீங்க. பூனைக்கு அது நஞ்சு. என்ட பழைய வீடியோக்களைப் பாத்த ஆக்களுக்குத் தெரியும், அதைப் பத்தி ஒரு முழு வீடியோ பேசியிருக்கிறன்.

அப்ப அதுவரைக்கும் என்ன செய்யிறது? சத்தம் பழக்குங்க. சாப்பாடு வைக்கிற ஒவ்வொரு நேரமும் அதே தட்டு, அதே கரண்டி, ஒரே மாதிரித் தட்டுங்க. நெத்தலியோ சூடையோ, உப்புப் புளி இல்லாம அவிச்சு முள்ளெடுத்துத்தானே குடுப்பீங்க. தட்டின உடனே மீன். தட்டினா மீன், தட்டாட்டி மீன் இல்ல. ஒரு கிழமையில பாருங்க, அலுமாரிக்குப் பின்னால நித்திரையா இருந்தாலும் அந்த டிங் டிங் கேட்டா மூண்டும் ஓடி வரும். அந்தச் சத்தம்தான் நாளைக்கு அதுகளை வீட்டுக்குக் கூப்பிடப் போகுது. கம்பிக் கதவு இருந்தா உள் கதவைத் திறந்து விடுங்க. மணம் பிடிக்கட்டும், காகச் சத்தம், ஆட்டோச் சத்தம் எல்லாம் கேட்டுப் பழகட்டும்.

இனி முதல் நாள். காலமை வெயில் ஏற முதல், சாப்பாட்டுக்கு முதல். பசியோட இருக்க வேணும். மழை நாள் வேணாம், மாரி தொடங்கிட்டா கொஞ்சம் பொறுங்க. கச்சான் காத்து அடிச்சுப் படலையும் தகரமும் ஆடுற நாளும் வேணாம். கதவை அகலத் திறந்து, நீங்க வெளியில போய் நிலத்தில இருங்க. குட்டியைத் தூக்காதீங்க. நான் எத்தனை தரம் சொல்லியிருப்பன், இன்னொரு தரமும் சொல்லுறன்: தூக்காதீங்க. அது தன்ட காலால நடந்து வாசலைத் தாண்ட வேணும்.

ஏனெண்டா பூனையின்ட பாதத்தில மணம் சுரக்கிற சுரப்பி இருக்கு. கன்னத்திலயும் இருக்கு, அதாலதான் கதவு நிலையில உரசிக்கொண்டு போகும். நடந்து போன குட்டிக்குத் தன்ட மணமே வழி காட்டும். தூக்கிக்கொண்டு போய் விட்ட குட்டிக்கு வழியே இல்ல, திடீரெண்டு ஒரு புது உலகத்தில நிக்குது.

எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணா அன்பிலதான் செய்தவர். குட்டியைக் கையில தூக்கிக்கொண்டு போய் மாமரத்துக்குக் கீழ விட்டார். ரோட்டில யாரோ மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்ணினாங்க. குட்டி பாய்ஞ்சது. வீடு பத்தடிதான், ஆனா அது ஓடினது மற்றப் பக்கம், பக்கத்து வளவு விறகுக் குவியலுக்குள்ள. இரவுதான் தாய் கத்தக் கத்த வெளியில வந்தது.

இப்ப எங்கட வீட்டில நடந்ததைக் கேளுங்க. திருகோணமலையில கோட்டைப் பக்கம் நிக்கிற புள்ளிமான் டவுனுக்குள்ளயும் நடந்து திரியிறது உங்களுக்குத் தெரியும்தானே. எங்கட சாம்பல் குட்டி முதல் நாள் வெளியில வந்து, மூண்டாவது படியில நிண்டு ஒரு சருகை மணந்து கொண்டிருக்குது. ஒரு முன்னங்கால் மேல தூக்கினபடி. அந்த நேரம் பாத்து மதிலுக்கு மேலால ஒரு மான் தலை நீட்டி செவ்வரத்தை இலையைப் பிடுங்கினது. குட்டியின்ட வால் அப்படியே பொங்கிப் போச்சு, முதுகு வளைஞ்சு பக்கவாட்டில ரெண்டு துள்ளல். பிறகு ஒரே ஓட்டம், வந்த வழியே படி ஏறி, வாசல் தாண்டி, அலுமாரிக்குக் கீழ. நடந்து வந்தபடியால் வழி தெரிஞ்சது. கதவு திறந்திருந்தபடியால் உள்ளுக்குப் போக முடிஞ்சது. நான் பின்னால போகல்ல, கூப்பிடவும் இல்ல. கொஞ்ச நேரத்தில மூக்கு மட்டும் வெளியில வந்தது, பிறகு திரும்பவும் வாசலடி.

அண்டைக்கு அவ்வளவும் போதும். பத்து நிமிசம், பிறகு தட்டைத் தட்டி உள்ளுக்குக் கூப்பிட்டு மீனைக் குடுங்க. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மூண்டையும் ஒரே நாளில விடாதீங்க, மூண்டு பக்கம் ஓடினா நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க?

வளவைப் பாத்து வைங்க. கிணத்துக்கு வலை போடுங்க. ஆட்டோ நிக்கிற வீடெண்டா ஸ்டார்ட் பண்ண முதல் கீழ குனிஞ்சு பாருங்க. காகத்துக்கும் தெருநாய்க்கும் குட்டி ஒரு வாய்தான், அதனால கண் எடுக்காம இருங்க. மரத்தில ஏறிட்டுக் கத்தினா பயப்பட வேணாம். நகம் பின்பக்கமா வளைஞ்சிருக்கிறதால ஏறுறது லேசு, தலைகீழா இறங்க முடியாது, பின்பக்கமா இறங்கப் பழக வேணும். தட்டைத் தட்டிக்கொண்டு கீழ இருங்க.

தனிய விடுறது கருத்தடை ஆபரேஷன் முடிஞ்ச பிறகுதான். நாலு மாதத்திலயே பெட்டைக்குட்டி சினைப்படலாம், அதனால ஐஞ்சு மாதத்துக்கு முதல் செய்யிறது நல்லது.

இதைச் சொல்லேக்கதான், தங்கச்சி, நீங்க எழுதாத ஒரு விஷயத்தை நான் கேக்க வேணும். தாய் வெளியில போய் வருது எண்டு எழுதியிருக்கிறீங்க. குட்டிக்கு ஒன்பது கிழமை. பால் குடுத்துக் கொண்டிருக்கிற பூனை சினைப்படாது எண்டு எங்கட ஆக்கள் நம்புறாங்க. அது பிழை. குட்டி பால் குடிக்கேக்கயே தாய் திரும்பக் கடுவனைத் தேடும், ரெண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல போனா அடுத்த ஈத்து. நீங்க குட்டியை உள்ளுக்கு வைச்சுக் காவல் காக்கிறீங்க, தாய்க்குக் கதவு திறந்திருக்கு. என்னட்டக் கேட்டா, இண்டைக்குப் பூட்ட வேண்டியது தாயின்ட கதவைத்தான். குட்டிகள் பால் மறக்கட்டும், பால் வத்தி ரெண்டு கிழமை போகத் தாயை மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்க. ஏற்கெனவே சினையா இருக்குமோ எண்டு சந்தேகமெண்டா காத்திருக்காம இப்பவே காட்டுங்க.

தாய்க்கு இன்னும் பால் இருக்குதா, வயிறு எப்படி இருக்கு, மூண்டு குட்டியில எத்தனை பெட்டை, எத்தனை கடுவன், எல்லாம் கீழ எழுதுங்க. ஆபரேஷனுக்குக் கொண்டு போக முதல் என்ன ஆயத்தம் செய்ய வேணும் எண்டு அடுத்த வீடியோவில சொல்லுறன்.