நாட்டுக்குப் பெயர் தந்த மரம்

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்து உணவகங்களில் இலை போட்டதும் இளஞ்சிவப்பாக வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். பதிமுகம் என்னும் சப்பங்கிக் கட்டையின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த நீர் அது. ஆசியாவிலிருந்து சாயத்துக்காக இந்தக் கட்டையை வாங்கிய இடைக்கால ஐரோப்பியர்கள், இதைத்தான் 'பிரேசில்' என்று அழைத்தார்கள். 1500-இல் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர்கள், அதே செஞ்சாயம் தரும் வேறொரு மரத்தை அங்கே கண்டு அதற்கும் அப்பெயரையே சூட்ட, அவர்கள் முதலில் அந்த மண்ணுக்கு வைத்திருந்த சிலுவைப் பெயர் மறைந்து, மரத்தின் பெயரே நாட்டின் பெயராக நிலைத்தது.

பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடுகளைத் தவிர வேறெங்கும் இம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. கிளையெல்லாம் முள், மஞ்சள் பூவின் ஓர் இதழில் மட்டும் இரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. சாயம் வெளிப்புறத்து இளங்கட்டையான வெளிறில் இல்லை, உள்ளே முதிர்ந்து இறுகிய வைரத்தில்தான் இருக்கிறது. ஆகவே அங்கு வாழ்ந்த துப்பி மக்கள் இரும்புக் கோடரிக்கும் கத்திக்கும் துணிக்கும் ஈடாக மரத்தை வெட்டி, வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரக்கட்டையைக் கப்பலுக்குச் சுமந்து வந்தார்கள். கட்டையைத் தூளாக்கினால்தான் சாயம் நன்றாக இறங்கும். அதுவோ அரத்துக்கும் எளிதில் மசியாத கட்டை. ஆம்ஸ்டர்டாமில் 1596-இல் திறக்கப்பட்ட சிறை ஒன்றில் கைதிகளைக் கொண்டே இதை இராவித் தூளாக்கச் செய்தார்கள். அச்சிறைக்கு 'இராவும் வீடு' என்றே பெயர் வழங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயற்கைச் சாயங்கள் வந்ததும் அந்த வணிகம் படுத்துவிட்டது. ஆனால் அதற்குள் மரத்துக்கு இன்னொரு வேலை கிடைத்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் பிரான்சுவா தூர்த் என்பவர் இன்றைய வயலின் வில்லின் வடிவத்தை நிலைப்படுத்தியபோது, அவர் தேர்ந்தது இந்தக் கட்டையைத்தான். பிரேசிலின் ஒரு மாநிலப் பெயரால் வில் செய்வோர் இதைப் பெர்னாம்புகோ என்பார்கள். நேராக அறுத்த குச்சியை அனலில் காட்டிச் சிறிது சிறிதாக வளைத்தால், ஆறிய பிறகும் அந்த வளைவு அப்படியே நிற்கும்; அறுபது கிராம் அளவே எடையுள்ள வில்லில் குதிரைவால் மயிரை இறுக்கிக் கட்டினாலும் துவளாது, வாசிப்பவர் கை அழுத்தத்துக்கு உடனே துள்ளி எழும்.

காட்டை அழித்தவை கரும்பும் காப்பியும் நகரங்களுமே. வில்லுக்காக வெட்டியது அவற்றோடு ஒப்பிட்டால் சொற்பம் என்பது என் கணிப்பு. ஆனாலும் எஞ்சியிருக்கும் மரங்கள் மிகச் சில என்பதால் அந்தச் சொற்பமும் இன்று உறுத்துகிறது. 1978-இல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட இது, 2007-இல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. அப்பட்டியலை முடிவுசெய்ய 2022-இல் பனாமாவில் கூடிய நாடுகளின் மாநாட்டில் பிரேசில் இன்னும் கடுமையான தடையைக் கோரியபோது, வாத்தியக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; முடிவில் மரம் பழைய பட்டியலிலேயே நீடித்தது, விதிகள் மட்டும் இறுகின. நட்ட கன்று வில்லுக்கேற்ற வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், பட்டறைகளில் பெரும்பாலும் முன்னோர் வாங்கி அடுக்கிவைத்த பழைய கட்டைகளே இன்றும் அறுபடுகின்றன.